மீன் பெட்டியில் புத்தகம்

"அக்கா, உன் மீன் பெட்டி எனக்கு வேணும். ஒரு மாசத்துக்கு."

வெள்ளம் வடிந்த மறுநாள் காலை. புடவையில் முழங்கால் வரை சேற்றோடு கடை வாசலில் நின்ற ஜோஸ்பினைக் காசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஜோஸ்பின் அந்த ஊர் கிளை நூலகத்தின் நூலகர். காசம்மாள் மீன் வியாபாரி. இரண்டு பேருக்கும் ஒரே தெரு.

"பெட்டியா? இன்னாத்துக்கும்மா?"

"புக்கு வெக்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். காசம்மாள் சிரிக்கவில்லை.

"கீழ்த்தட்டுல இருந்த நாப்பத்திரண்டு புக்கும் நனைஞ்சிடுச்சுக்கா. எல்லாம் தடித் தடியா பைண்டு பண்ணது. நம்ம ஊரு பழைய பள்ளிக்கூடப் பதிவேடு, பிரெஞ்சுக்காரங்க காலத்து நெலக் கணக்கு, கூத்துக்காரங்க கையால எழுதி வெச்ச பாட்டு நோட்டு. இதுங்களுக்கு வேற காப்பி எங்கயும் கெடையாது."

"வெயில்ல போட்டு எடுக்கக் கூடாதா?"

"வெயில்ல போட்டா தாளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சும்மா வுட்டா மூணு நாள்ல பூஞ்சை புடிச்சிடும். உறைய வெச்சிட்டா அப்படியே தாங்கும். அப்புறம் நாலு நாலா வெளிய எடுத்துக் காய வெச்சிக்கலாம். வேற எடம் கெடைக்கலக்கா."

காசம்மாள் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. ஃப்ரீசர் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வஞ்சிரம், சங்கரா எல்லாவற்றையும் கூடையில் அள்ளினாள். தெருவில் அடுப்பு பற்ற வைக்க முடிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

"கரண்டு வரலியே இன்னும்?" என்றாள் ஜோஸ்பின்.

"ஐஸுக்கு நானாச்சு. நீ போயி புக்க எடுத்தா."

மீன் வாடை போகிறவரை பெட்டியை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய புத்தகங்களைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல ஒவ்வொன்றாக அடுக்கினாள். மின்சாரம் வர நாலு நாளானது. அந்த நாலு நாளும் விடிந்ததும் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய் லோடு ஆட்டோவில் ஐஸ் பார் கொண்டு வந்து, உடைத்து, உப்புத் தூவி நிரப்பினாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"எழுதப் படிக்கத் தெரியாது. இவளுக்கு எதுக்கு இந்தப் புக்கு வேலை?" என்றார்கள்.

காசம்மாள் தன் வேலையைப் பார்த்தாள். வியாபாரம் இல்லாததால் தினமும் நூலகத்துக்கே வந்துவிட்டாள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஈரத் தாள்களுக்கு நடுவே வெள்ளைக் காகிதம் வைப்பாள். அது ஈரத்தை உறிஞ்சியதும் உருவிவிட்டு வேறு வைப்பாள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஜோஸ்பின் பிரித்தால் ஓரம் கிழிந்தது. இருபது வருடமாக மீன் அரிந்த காசம்மாளின் விரல்களுக்கு அவை கிழியாமல் பிரிந்து வந்தன.

மூன்று புத்தகங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று காசம்மாள் சாப்பிடவே இல்லை. மீதி முப்பத்தொன்பதும் பிழைத்துக்கொண்டன.

கடைசிப் புத்தகம் காய்ந்த அன்று ஜோஸ்பின் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை லைப்ரரிய மறுபடி தொறக்குறோம்கா. ஊரே வருது. மேடையில உனக்குத்தான் சால்வை."

காசம்மாளின் கை நின்றுவிட்டது.

"வேணாம்மா. எனக்குப் போடாத."

"ஏன்க்கா? நீ இல்லன்னா..."

"நான் இல்லன்னா இதுங்க நனைஞ்சே இருக்காது."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

"வெள்ளம் வந்த அன்னிக்கி விடியக்காலைல லைப்ரரி பின்னால வாய்க்கா மதகுப் பலகையத் தூக்குனது நான்தான். வூட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. என் பொண்ணு ஜெயசித்ரா புள்ள பெத்து ஒம்போது நாளு. பச்சக் கொழந்தையத் தலைக்கு மேல தூக்கிக்கினு நிக்கிறா. பலகையத் தூக்குனா தெருத் தண்ணி மொத்தமும் பள்ளத்துல இருக்குற லைப்ரரிக்குள்ள பூந்துடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தூக்குனேன். எனக்குப் போயி சால்வையா?"

ஜோஸ்பின் கையிலிருந்த வெள்ளைக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும்கா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கி நான் இங்கதான் இருந்தேன். கீழ இருக்குற புக்க மேல ஏத்தலாம்னு ஓடியாந்தேன். ஜன்னல் வழியா உன்னைப் பாத்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா பலகைய வுட்டுட்டுப் போயிருப்ப. நான் குடுக்கல. நீ தூக்கலன்னா நானே வந்து தூக்கியிருப்பேன்."

காசம்மாள் அவளையே பார்த்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் எப்படிம்மா என் கடை வாசல்ல வந்து நின்ன? போக்கிடம் இல்லாமத்தான?"

ஜோஸ்பின் தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"தண்ணி வடிஞ்சதுலேர்ந்து நீ யார் மொகத்தையும் பாக்காம தலையக் குனிஞ்சிக்கினு நடந்ததப் பாத்தேன்கா. வில்லியனூரு ஐஸ்கிரீம் கடைக்காரரு மறுநாள் விடிஞ்சதுமே போன் பண்ணி, ரெண்டு பெரிய பெட்டி காலியா இருக்கு, கொண்டாந்து வெச்சிக்கோங்கன்னாரு. நான்தான் வேணாம்னு சொல்லிட்டு நேரா உன் கடைக்கு வந்தேன்."