முயல் இருக்கும் பார்க்

"ஒரு பார்க் போதும். இந்த வயசுல மூணு பார்க்கையும் சுத்தி, நாம என்ன ராட்டினத்துல ஏறித் தலைகீழாத் தொங்கப் போறோமா?"

பெரியவர் சொன்னது மனைவியிடம். பார்த்தது மட்டும் டிக்கெட் கவுண்டருக்குள் இருந்த பெண்ணை. நீயாவது எடுத்துச் சொல்லேன் என்கிற பார்வை.

அவளுக்கு இது பழகின பார்வைதான். ஒரே வளாகத்தில் மூன்று பார்க். ஒன்றுக்கு ஒரு விலை. மூன்றுக்கும் சேர்த்து வாங்கினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த அதிகப்படிக் காசு தண்டமா இல்லையா என்று குடும்பம் குடும்பமாக வந்து அவள் கண்ணாடிக்கு முன்னால்தான் மல்லுக்கட்டுவார்கள்.

"ரைடு எதுவும் ஏற மாட்டீங்கன்னா ஒரு பார்க்கே தாராளம்மா," என்றாள் மனசாட்சிக்கு விரோதமில்லாமல். "தண்ணி பார்க், குழந்தைங்க பார்க், ராட்டின பார்க். எது வேணும்?"

அந்த அம்மா கண்ணாடித் துளைக்கு அருகில் குனிந்தாள். "முயல் எதுல இருக்கும்மா?"

"முயலா?"

"அதான், வேஷம் போட்டுக்கிட்டுக் குழந்தைங்களுக்கெல்லாம் கை குடுக்குமே."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அது ஒரு இடத்துல நிக்காதும்மா. மூணுக்கும் மாறி மாறிப் போகும். இப்ப எங்க இருக்குன்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. சொன்னா கூட்டம் மொத்தமும் அங்கேயே போய் மொய்ச்சிடும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் பெரியவர். "ஏதாவது ஒண்ணுல போய் உட்காரு. அதுவா வரும்."

"வராமப் போயிட்டா?"

"வராட்டிப் போகுது. முயலைப் பார்க்காம யாருக்கும் உயிர் போயிடலை."

"எனக்குப் போயிடும் போல இருக்குங்க," என்றாள் அந்த அம்மா. சண்டைக்குச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். வயதான காலத்தில் இப்படி ஒரு ஆசையா என்று டிக்கெட் கொடுப்பவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

"முயல் ஒண்ணுதானேம்மா? வேற யாரும் அந்த வேஷம் போட மாட்டாங்களே?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஆனா அது பேசாது. வேஷத்துல இருக்கும்போது வாயே திறக்கக் கூடாதுன்னு கண்டிப்பு. எது கேட்டாலும் தலையை ஆட்டும், அவ்வளவுதான்."

"பேசாதா?" பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அதுவும் ஒரு வகையில நல்லதுதான்." பர்ஸை எடுத்தார். "இவளுக்கு மட்டும் மூணுக்கும் குடும்மா. நான் வரலை. அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

டிக்கெட்டை நீட்டும்போதுதான் அந்த அம்மாவின் கையில் இருந்த டப்பாவை அவள் கவனித்தாள். "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்கம்மா. இங்க வச்சிட்டுப் போங்க. திரும்பும்போது வாங்கிக்கலாம்."

"சூடு ஆறிடுமே."

"ஆறினா என்னம்மா, நீங்கதானே சாப்பிடப் போறீங்க?"

அந்த அம்மா மனசே இல்லாமல் டப்பாவைக் கொடுத்துவிட்டு முதல் பார்க்குக்குள் போனாள்.

மூன்று வாசலும் கவுண்டரிலிருந்து தெரியும். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவள், பெஞ்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு இரண்டாவது வாசலுக்குப் போனாள். அங்கிருந்தும் வந்தாள். இந்த முறை நடை தளர்ந்திருந்தது. நடுவழியில் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மூன்றாவது வாசலை நோக்கி நகர்ந்தாள்.

பெரியவர் எழுந்து கவுண்டருக்கு வந்தார். "எனக்கும் ஒண்ணு குடும்மா. கால் வலியோட தனியா அலையறா."

"அவங்க இப்ப மூணாவதுக்குத்தான் சார் போறாங்க. அந்த ஒரு பார்க் டிக்கெட் வாங்கினாப் போதும் உங்களுக்கு."

"மூணுக்கும் குடு. நாங்க அங்க போறதுக்குள்ள அது இந்தப் பக்கம் வந்துட்டா?"

இவ்வளவு நேரம் ஒரு பார்க் போதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடிய மனிதரா இவர் என்று அவளுக்கு ஆச்சரியமாகப் போயிற்று.

சாப்பாட்டு இடைவேளை வந்தது. ஊழியர் கேன்டீனுக்கு மூன்றாவது பார்க் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே முயல் இருந்தது. இரண்டு காதும் ஆட, குழந்தைகள் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா எட்டவே நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசை ஆசையாக வந்தவள் பக்கத்தில் போகக் கூடத் தயங்கினாள். பெரியவர்தான் குழந்தைகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அவரைப் பார்த்ததும் முயலின் குதியாட்டம் நின்றுவிட்டது.

பாவம், ஒரு போட்டோவாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று டிக்கெட் கொடுப்பவள் போனை எடுத்துக்கொண்டு அருகே போனாள்.

பெரியவர் முயலின் பஞ்சுக் கையைப் பிடித்திருந்தார். "சாப்பிட்டியாடா?" என்றார். "அம்மா உனக்குன்னு சமைச்சது டிக்கெட் கவுண்டர்ல இருக்கு. அன்னிக்கு வீட்டை விட்டுப் போன்னு சொன்னேன்ல, இப்ப வான்னு சொல்றேன். வருவியாடா?"

வாய் திறக்கக் கூடாத முயல் தலையை ஆட்டியது. நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.