கேமரா விட்ட இடம்

அக்கா இருபது வருடம் இந்த மேஜையில்தான் துணி பார்த்தாள். நெசவில் பழுது கண்டால் துணியோரத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். இடதுகைக்காரி, முடிச்சு மாறித்தான் விழும். நூல் கட்டிய இடத்தை நாங்கள் வெட்டி எறிவோம். துணி பார்க்கக் கேமரா வந்த அன்று, "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, கிளம்பு" என்று மேனேஜர் அவளை விரட்டினான். அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தாள்.

கேமராவுக்குக் கை கிடையாது. பழுதைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். இன்று காலை அது நல்ல துணி என்று விட்ட சுருளில் ஒன்பது சிவப்பு நூல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக இழை அறுந்திருந்தது.

"அவ தங்கச்சிதானே நீ? திமிரா?" என்று மேனேஜர் கத்தினான்.

"நான் வலதுகைக்காரி சார். முடிச்சைப் பாருங்க."

எங்கே பார்த்தான்? ஒன்பது நூலையும் அவனே நறுக்கினான். "கேமரா சொன்னா சொன்னதுதான். சுருளை அனுப்பு" என்று கத்தரிக்கோலை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினான்.

அவன் சட்டைக் காலரில், பிடரிக்கு நேராக, பத்தாவது நூல் தொங்கியது. அதே மாறிய முடிச்சு.

கத்தரிக்கோலை நான் கீழே வைக்கவில்லை.