முகம் பார்க்காத வக்கீல்

லோபெட்டி பேச ஆரம்பித்ததிலிருந்து லவீனியாவின் முகத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அமைச்சரைப் பார்த்தே கேட்டான். எதிரே இன்னொரு வக்கீல் உட்கார்ந்திருப்பதே அவனுக்குத் தெரியாதது போல.

கிரிபாத்தித் தீவு நாட்டு அமைச்சர் தியோத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன திமிரு பார்த்தீங்களா வக்கீலம்மா? நீங்களும் டோங்காத் தீவு, அவனும் டோங்காத் தீவு. ஊர்க்காரங்கன்னு ஒரு வணக்கம்கூட வைக்கலையே!" என்று லவீனியாவின் காதைக் கடித்தார்.

"சார், அது விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அதெல்லாம் அப்புறம்மா. முதல்ல ஷரத்தைக் காப்பாத்துங்க."

கிரிபாத்திக் கடலில் பிடிக்கிற மீனில் பாதியைத் தராவா துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும். ஷரத்து அவ்வளவுதான். அது இருந்தால்தான் துறைமுகத்து மீன் ஆலை ஓடும், அமைச்சரின் தொகுதியில் பாதி வீடுகளில் அடுப்பு எரியும். கப்பல் கம்பெனி முதலாளி டன்கனோ, ஷரத்தை எடுக்காவிட்டால் கப்பல்களை வேறு கடலுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று நேற்றிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தார்.

லவீனியா சாதாரண ஆள் இல்லை. இருபது வருடமாகத் தீவு நாட்டு அரசாங்கங்களுக்கு வியாபார ஒப்பந்தம் எழுதித் தருகிறவள், ஜெனீவாவில் பெரிய நாட்டுக்காரர்களையே தண்ணீர் குடிக்க வைத்தவள். நேற்று டன்கனின் வக்கீலை வறுத்தெடுத்துவிட்டாள். அவரை அனுப்பிவிட்டு இன்று ஆக்லாந்திலிருந்து இந்த லோபெட்டியை இறக்கியிருந்தார் டன்கன். அவன் உள்ளே நுழைந்ததிலிருந்து லவீனியாவின் வாயில் கொழுக்கட்டை.

தேநீர் இடைவேளையில் சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று அமைச்சர் ஒரு ஜோக் சொன்னார். கள் இறக்கத் தென்னை ஏறுகிறவன், மேலே ஆள் இருப்பது கீழே தெரிவதற்காகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்படி ஏறிய ஒருத்தன் பாட மறந்துபோக, கீழே குளித்துக்கொண்டிருந்தவளுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாமல் போன கதை. கொஞ்சம் பச்சைதான். அறையே குலுங்கிச் சிரித்தது.

லோபெட்டி மட்டும் பாதி குடித்த கோப்பையை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

"ஐயா நம்மகூடச் சேர்ந்து சிரிச்சா கௌரவம் குறைஞ்சிடும் போல" என்றார் அமைச்சர். லவீனியாவும் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "சும்மா மிரட்டறாங்க சார். இந்த சீசன்ல மீன் நம்ம கடல்லதான் இருக்கு. அவங்களால வேற எங்கேயும் போக முடியாது."

"அதை அவன்கிட்டயே நேராக் கேட்டு மடக்குங்களேன்! என்ன பயம் உங்களுக்கு?"

"நான் அவர்கிட்ட எதையும் கேட்கக் கூடாது சார்."

"ஏன்? உங்களையும் விலை பேசிட்டாங்களா?"

அவள் கண்கள் கலங்கிவிட்டன. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டன்கன் மேஜையைத் தட்டினார்.

"போதும் மினிஸ்டர். அந்த ஷரத்தை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கே கப்பல் எல்லாம் கிளம்பிடும்."

அமைச்சர் பேனாவைத் திறந்தார். ஆலை மூடினால் தொகுதிக்குள் தலைகாட்ட முடியாது. கப்பலே போய்விட்டால் நாட்டுக்கு வருகிற லைசென்ஸ் பணமும் போச்சு. பேனா முனை ஷரத்தின் மேல் வந்து நின்றது.

அப்படியே நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம். காலையிலேர்ந்து எங்க வக்கீலம்மாவை உங்க ஆளு மனுஷியாவே மதிக்கலை. கப்பல் நிஜமாவே போயிடும்னு அவங்க முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும். சொல்லிட்டா இந்த நிமிஷமே அடிச்சிடறேன்."

"இவ்வளவுதானா?" டன்கன் சிரித்தார். "சொல்லுப்பா லோபெட்டி."

லோபெட்டி எழுந்தான். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. குனிந்த தலை நிமிரவே இல்லை. ஃபைலை மூடி டன்கன் முன்னால் வைத்தான்.

"என்னால முடியாது சார். நான் விலகிக்கறேன்."

அமைச்சர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"உங்க வக்கீலுக்கே அதைச் சொல்ல வாய் வரலை. அப்போ கப்பல் எங்கேயும் போகாது. ஷரத்து இருக்கட்டும்."

டன்கனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்ன பேசுகிறோம் என்றுகூட யோசிக்காமல் கத்தினார்.

"முட்டாள்! உன்னை எதுக்கு ஆக்லாந்துலேர்ந்து வரவழைச்சேன்? தம்பியைப் பார்த்தா அக்கா இறங்கி வருவாங்கன்னுதானே!"

அமைச்சர் சட்டென்று லவீனியாவின் பக்கம் திரும்பினார். லவீனியா முகத்தைத் திருப்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டு, "டோங்காவுல அக்காவும் தம்பியும் முகம் பார்த்து வாதாடக் கூடாது, பச்சை ஜோக்கைச் சேர்ந்து கேட்கவும் கூடாது; அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வந்தேன் சார்" என்றாள்.

கதவருகே போன லோபெட்டி, தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"எங்க ஊர்ல இறங்கிப் போறது தம்பிதான் சார்."