தண்ணீர்த் தடம்

சிறைக்குப் பதிலாக ஓராண்டு காட்டில் பிழைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த கைதிகளுக்கு ஆயுதம் வழங்குவதுதான் நஞ்சப்பனின் வேலை. ஆளுக்கு ஒன்றுதான். எல்லாருடைய கண்ணும் முதலில் துப்பாக்கி மேல்தான் போகும். நஞ்சப்பன் மனசு கேளாமல் தடுப்பார்.

"ஆறு தோட்டா தீர்ந்தா அது வெறும் கட்டைங்க. கண்ணிக் கம்பி எடுங்க. மிருகம் தண்ணிக்குப் போற தடத்துல வெச்சுட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

முதல் அணியிலிருந்து உயிரோடு திரும்பியவள் மயிலாத்தாள் ஒருத்திதான். மெலிந்து கறுத்துப்போய் வந்து கம்பிச் சுருளை மேசைமேல் வைத்தாள்.

"நம்ம கம்பிதான் காப்பாத்துச்சா?" என்று பூரிப்போடு கேட்டார்.

"ஆமாங்க. முயலு, காட்டுக்கோழியெல்லாம் மாட்டுச்சுங்க." சுருளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னால ஒரு வாத்தியார் நின்னாரே, அவரும் என் கண்ணியில மாட்டிக்கிட்டாருங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் போய்ப் பார்த்தேன். உசுரு இல்லைங்க. அவர் வெச்ச கண்ணியும் அந்தப் பக்கத்துலயேதான் இருந்துச்சு."

நஞ்சப்பன் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தண்ணித் தடத்துல வைக்கச் சொல்லி எல்லாருக்குமே சொன்னீங்களாங்க?" அவள் குரலில் கோபமே இல்லை.

எல்லாருக்கும்தான் சொல்லியிருந்தார். சற்று முன்புகூட அடுத்த அணியின் பதினேழு பேருக்கு.

செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். அவர்களை ஏற்றிய வேன் கேட்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

"தடத்துல வெக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே துரத்தினார்.

பின் கண்ணாடி வழியே அவரைப் பார்த்த கைதிகள், வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து, கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.