பங்களா நாய்க்குத் தெரியாத பாஷை

தலைநகரில் ஒரு பங்களா நாய் வழி தவறிவிட்டது. நல்ல பசி. மசூதி வாசல் பிரியாணிக்காரர் எலும்பைக் காட்டி உருதுவில் கூப்பிட்டார். கோயில் பூக்காரம்மா பொங்கலை நீட்டித் தெலுங்கில் கூப்பிட்டாள். சர்ச் வாட்ச்மேன் மலையாளத்தில் கெஞ்சியே பார்த்தார். அது அசையவில்லை.

"சோறு தர்றாங்க, போயேன்டா!" என்று கத்தியது தெருநாய்.

"எங்க ட்ரெய்னிங் ஸ்கூல்ல 'கம்'னு சொன்னாத்தான் போகணும்."

"இதுக்கு ஒரு ஸ்கூலு!"

சலித்துக்கொண்டே 'கம்' சொல்லி, மோப்பம் பிடித்து அதை வீடுவரை கூட்டிப்போனது தெருநாய். வீட்டுக்காரர் "கம், கம்!" என்று தன் நாயைக் கட்டிக்கொண்டார். அடுத்த நொடி, "சீ, போ சனியனே!" என்று தெருநாய்மேல் கல்லை விட்டெறிந்தார்.

"வீட்ல நான் இதைக் கேட்டதே இல்லையே, என்ன பாஷை?" என்றது பங்களா நாய்.

"அவரோட தாய்மொழிடா!" என்று கத்திக்கொண்டே ஓடியது தெருநாய்.