கை எல்லாம் எண்ணெய்

மகள் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். இன்னும் இரண்டு நிமிடத்தில் எனக்கு ஒரு திருடனிடமிருந்து போன் வரும்.

அவளோடு வேலை பார்க்கும் ஒருவருக்குத்தான் திருடன் வேஷம். தெரிந்த குரலாக இருக்கக் கூடாதாம். இந்தப் பரீட்சையைப் பற்றி என் காதில் மட்டும் சொன்னாள், நேரத்தையும் சேர்த்து. அம்மா பெயிலாகிவிடக் கூடாதே என்ற கரிசனம்.

நான் தையல் மிஷினின் தலையைச் சாய்த்து வைத்தேன். நேற்று வாங்கிய எண்ணெய்க் குப்பியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். ஓய்வு கொடுத்தது ஆபீஸ்தான், ஸ்குரூ டிரைவர் இன்னும் கொடுக்கவில்லை.

போன் துணி வெட்டும் மேஜைமேல் கிடந்தது. வீட்டுக்கு அது ஒன்றுதான். தைக்கக் கொடுத்தவர்கள் கூப்பிடுவார்கள் என்று நான் அதை வெளியே எடுத்துப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருவன் கூப்பிட்டான். கரண்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், பில் பாக்கி, சாயங்காலம் லைனை வெட்டிவிடுவோம் என்றான். ஒரு லிங்க்கை அனுப்பித் தொடச் சொன்னான். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டான். எண்ணைச் சொன்ன மறு நிமிடம், மாடியில் ஒரு அறை கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம் போய்விட்டது.

மகன், மருமகள், மைத்துனர் என்று வரிசையாக வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு கரண்ட் ஆபீஸை வைத்துக்கொண்டு ஏமாந்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று மைத்துனர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் போனைத் தொடுவதில்லை. அம்மாவை ஏமாற்றிய கோபம் என்று மகள் சொல்கிறாள்.

போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் பிசகியது. பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். ஒன்பது தடவை. யாரும் எடுக்கவில்லை. நொண்டி நொண்டி வந்து பார்த்தால், போனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது தடவை அடித்தது என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாளைக்கு எனக்கோ அவருக்கோ ஏதாவது என்றால்? அன்று ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாளே மகளுக்குச் சொல்லி அனுப்பினேன், வந்து எனக்குப் பாடம் நடத்து என்று.

வந்தாள். மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். எண்ணை யாருக்கும் சொல்லாதே. லிங்க்கைத் தொடாதே. அவசரப்படுத்தினால் போனை வை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் கொட்டை எழுத்தில்.

நானும் மக்குப் பிள்ளையாகச் சந்தேகம் கேட்டேன். அவன் நம் மீட்டர் நம்பரையே சரியாகச் சொன்னால்? ஆபீஸ்காரன் மாதிரியே பேசினால்? கேட்டதையே திரும்பக் கேட்டேன், அவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்க.

"யாரா இருந்தாலும் சொல்லாதம்மா. சந்தேகம்னா போனை வச்சிட்டு, பில்லுல இருக்கற நம்பருக்கு நீயே கூப்பிட்டுக் கேளு. இதோட மூணு தடவை சொல்லிட்டேன்."

ஜன்னல் பக்கம் ஸ்குரூ டிரைவர் சத்தம் நின்றிருந்தது.

போன் அடித்தது. தெரியாத எண்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் எடுங்க. என் கை எல்லாம் எண்ணெய்."

அவர் அசையவில்லை. மூன்றாவது மணி. நான்காவது. நான் மிஷினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். எடுத்துவிடு, என் ராசா, எடுத்துவிடு.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கம்பியை எடுப்பதுபோல் போனை எடுத்தார்.

கரண்ட் ஆபீஸ், பில் பாக்கி, சாயங்காலம் லைன் கட் என்று அந்தப் பக்கம் குரல் கடகடவென்று ஒப்பித்தது. அவர் முகம் வெளிறியது. கண் சுவரில் ஒட்டிய தாளுக்குப் போய், அங்கேயே நின்றது.

"எந்த நம்பரும் சொல்ல மாட்டேன். வெட்டணும்னா ஆளை அனுப்பு. கம்பத்துக்கிட்டயே நிக்கிறேன்."

போனை வைத்தார். தோள் நிமிர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் ஓடி வந்து கைதட்டினாள். அது பரீட்சைதான் என்பதைச் சொல்லி, அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று என் முதுகில் தட்டினாள்.

கற்றுக்கொண்டேன் என்றேன்.

அன்று மட்டும் அப்பா வீட்டில் இருந்திருந்தால் ஒரு பைசா போயிருக்காது, அப்படி எங்கேதான் போயிருந்தார் என்று கேட்டாள்.

பட்டன் வாங்கி வரக் கடைக்கு அனுப்பியிருந்தேன் என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பார்த்தார். அதன் மூடியில் சீல் கூட உடையவில்லை. என் காய்ந்த கைகளைப் பார்த்தார். சீலை உடைத்து, மிஷினின் துளை ஒவ்வொன்றிலும் நிதானமாக ஒரு சொட்டு விட ஆரம்பித்தார்.

அன்று பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தது நான்.