இசைத்தட்டுக்குப் பிறந்தநாள்

கஜபதிக்கு நைட் ஷிஃப்ட். ஆவடி ஃபேக்டரியிலிருந்து காலையில் வந்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் கண் திறப்பார். அன்றைக்குப் பதினோரு மணிக்கே எழுப்பிவிட்டது கீழ்க்கடை ஸ்பீக்கர்.

கீழே பரந்தாமனின் ரெக்கார்டிங் சென்டர், திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெற்று கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் பதிந்து தருவான். கரையான்சாவடி முழுக்க அவனுக்குக் கஸ்டமர்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய கஜபதி வாசலிலேயே நின்றுவிட்டார். மாவிலைத் தோரணம். ஸ்டூல் மேல் ஒரு பழைய சினிமாப் பாட்டு எல்.பி. ரெக்கார்டின் அட்டை, அதற்கு மாலை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கேசரி வேறு.

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே, இந்த ரெக்கார்டு வந்து இன்னியோட பத்து வருசம்" என்று இளித்தான் பரந்தாமன்.

கஜபதிக்கு வந்ததே கோபம். எண்பத்திரண்டில் வந்து மூன்றே நாளில் பெட்டிக்குள் போன படம் அது. எடுத்தவனே மறந்திருப்பான். மனுஷனுக்குப் பிறந்தநாள் உண்டு, சாமிக்கு உண்டு, இந்தக் கறுப்புத் தட்டுக்கு என்ன கேடு என்று பிடிபிடியென்று பிடித்தார். எல்லாம் வியாபாரத் தந்திரம், சாயங்காலமே பில்டிங் ஓனரிடம் சொல்லிக் கடையைக் காலி பண்ண வைக்கிறேன் என்றார். செய்யக்கூடியவர்தான். ஓனர் அவருடைய மச்சினன்.

பரந்தாமன் முகம் செத்துவிட்டது. "இன்னா வேணா பண்ணு அண்ணாத்தே. கடைசிப் பாட்டு மட்டும் முடியட்டும்."

கஜபதி கேட்பதாயில்லை. உள்ளே புகுந்து, சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் புல்லாங்குழல் ஆரம்பித்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. அடேயப்பா, என்ன வாசிப்பு! இதற்கு மேல் மனுஷனுக்கு மூச்சு இருக்காது என்கிற இடத்திலும் அது நிற்காமல் மேலே போனது. கஜபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தூக்கமும் கோபமும் போன இடம் தெரியவில்லை. இதைப் பத்து வருஷமாகக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பாட்டு முடிந்து தட்டு கரகரவென்று சுற்றியது. திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல், மூச்சு வாங்கியபடி, தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நல்லா வந்துச்சா?"

கஜபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்டுடியோவுல பேசினதக்கூட வெட்டாம தட்டுல போட்டுட்டானுங்களா?"

பரந்தாமன் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே பிளாட்ஃபாரத்தில் பூக்கட்டும் சொர்ணம், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்து அவள் என்னவோ சொன்னாள். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"யார்கிட்ட பேசுது அந்தம்மா?"

பரந்தாமன் மெதுவாகச் சொன்னான்.

"அது ஊட்டுக்காரர்கிட்ட. கொழல் வாசிச்சது அவருதான் அண்ணாத்தே. ரெக்கார்டு வெளிய வர்றதுக்குள்ள செத்துட்டாரு. கேசட்ல போட்டுத் தரேன்னேன், வாணாம்னுடுச்சு. 'தெனம் கேட்டா என்னால தாங்க முடியாது, வருசத்துக்கு ஒருவாட்டி அவரு கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்'னுச்சு."